பிக்கப்பின் பின்பக்க பம்ப் ஸ்டாப்: ரப்பரை வாங்கும் முன் இடைவெளியை அளங்கள்

பொள்ளாச்சியில் இளநீர் ஏற்றிய வண்டியோ, கிணத்துக்கடவில் தக்காளி ஏற்றிய வண்டியோ, பல்லடத்தில் கோழிக் கூண்டு அடுக்கிய வண்டியோ, எதுவாக இருந்தாலும் வேகத்தடையில் இறங்கும்போது பின்னாலிருந்து 'டொம்' என்று சத்தம் வர ஆரம்பித்துவிட்டால் பட்டறையில் ஒரே பேச்சுதான். "ஏனுங்ண்ணா, பின்னாடி அடிக்குதுங்க. நல்ல ரப்பராப் பாத்துப் போட்டு உடுங்க."

கேட்பது பம்ப் ஸ்டாப்பை: ஆக்சிலும் சேஸும் முட்டாமல் நடுவில் நின்று அடி வாங்கும் ரப்பர் கட்டை. அதில் எது நல்லது என்பதில்தான் குழப்பம். உயரமாக இருந்தால் நல்லது என்பார் ஒருவர். கல்லு மாதிரி கெட்டியாக இருக்கணும் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஆன்லைனில் சிவப்பு நிறத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பார். போதாததற்கு, இதைப் போட்டால் இன்னும் 300 கிலோ சேர்த்து ஏற்றலாம் என்ற நம்பிக்கை வேறு. உயரம், கெட்டித்தன்மை, நிறம் மூன்றையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது வண்டிக்கு அடியில் இருக்கும் ஓர் இடைவெளி. அதை அளக்காமல் எந்த ரப்பரையும் தேர்ந்தெடுக்க முடியாது.

கம்பெனியிலிருந்து வந்த உயரத்திலேயே ஓடும் பிக்கப்களுக்கு மட்டும்தான் இந்தக் கட்டுரை. வண்டியைத் தூக்கிக் கட்டியவர்களின் கணக்கு வேறு. அது ஏன் வேறு என்பதும் போகப் போகத் தெரியும்.

அது எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது

பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். குறுக்காக ஓடும் கனமான இரும்புக் குழாய், நடுவில் பானை போல் உப்பியிருக்கும்; அது பின் ஆக்சில். அதன் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஸ்பிரிங் பட்டைக் கட்டு இருக்கும். பட்டைக் கட்டையும் ஆக்சிலையும் யூ போல்ட் சேர்த்துப் பிடித்திருக்கும். இவற்றுக்கு மேலே வண்டியின் நீளத்துக்கு ஓடுவது சேஸ்.

ஆக்சிலுக்கு நேர் மேலே, சேஸின் அடியில், கைப்பிடிக்குள் அடங்கும் அளவில் ஒரு ரப்பர் கட்டை தொங்கும். அதுதான் பம்ப் ஸ்டாப். நம் ஊர்ப் பட்டறைகளில் பம்பர் ரப்பர், பஃபர் என்றும் சொல்வார்கள். அதற்கு நேர் கீழே, யூ போல்ட் தட்டின் மேலோ ஆக்சில் மேலோ, அது வந்து உட்காரத் தட்டையான ஓர் இடம் இருக்கும். அதை இந்தக் கட்டுரையில் 'அடிதளம்' என்றே வைத்துக்கொள்வோம். சில வண்டிகளில் ரப்பர் கீழேயும் அடிதளம் மேலேயும் மாறி இருக்கும், வேலை ஒன்றுதான்.

சக்கரம் மேடேறும்போது ஆக்சில் மேலே போகிறது, அல்லது வண்டியின் உடம்பு கீழே இறங்குகிறது. எப்படிச் சொன்னாலும் ஆக்சிலும் சேஸும் நெருங்குகின்றன. இப்படி நெருங்கக் கிடைக்கும் மொத்தத் தூரத்துக்கு 'மேல்பயணம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்தத் தூரம் தீர்வதற்குள் யாராவது தடுத்து நிறுத்தியாக வேண்டும். தடுக்காவிட்டால் ஷாக் அப்சார்பரின் உள்ளே இரும்பும் இரும்பும் முட்டும். டயர் பாடியில் உரசும். பட்டை எதிர்ப்பக்கமாக வளைந்து, சீக்கிரமே நடுப்பட்டை ஒடியும். இவற்றில் எது முதலில் நடக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். எதுவும் நடக்கவிடாமல், அதற்கு முன்னாலேயே குறுக்கே நின்று அடியை வாங்கிக்கொள்வதுதான் பம்ப் ஸ்டாப்பின் வேலை.

இன்னொன்றும் இதோடு குழம்பும். சில பிக்கப்களில் பட்டைக் கட்டோடு கூடுதலாக ஒரு தடித்த ஹெல்பர் பட்டை இருக்கும். பாரம் ஏறியதும் அதன் முனைகள் போய் உட்காரச் சின்ன ரப்பர் துண்டுகள் வைத்திருப்பார்கள். அவை பம்ப் ஸ்டாப் இல்லை. பம்ப் ஸ்டாப் ஆக்சிலுக்கு நேர் மேலே இருப்பது.

சுருக்கமாக: பட்டை பாரத்தைத் தாங்குகிறது, ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்குகிறது, இரண்டும் கையை விரித்த பிறகு வரும் கடைசி அடியைப் பம்ப் ஸ்டாப் வாங்குகிறது.

ஏன் இடி போல் விழுகிறது

தேங்காய் லோடு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்பவர் காயை வீசுவார், வண்டி மேல் நிற்பவர் பிடித்து அடுக்குவார். பழகினவர் காய் கைக்கு வந்ததும் கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிப்பார். புதுப் பையன் கையை விறைப்பாக நீட்டி நிற்பான். பத்துக் காய்க்குள் உள்ளங்கை சிவந்துவிடும். காய் அதேதான், வேகமும் அதேதான். நிறுத்த எடுத்துக்கொண்ட தூரம்தான் மாறியது.

பம்ப் ஸ்டாப்பிலும் இதே கணக்குதான். ஓர் எடை ஒரு வேகத்தில் வருகிறது என்றால் அதற்குள் இவ்வளவு ஆற்றல் என்று உண்டு. அதை நிறுத்தும் விசையை, நிறுத்தும் தூரத்தால் பெருக்கினால் அந்த ஆற்றல் வர வேண்டும். தூரம் குறைந்தால் விசை ஏறியே தீரும், வேறு வழி இல்லை.

எண் போட்டுப் பார்க்கலாம். பாரத்தோடு சேர்த்து ஒரு பின் சக்கரத்தின் மேல் 500 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். பள்ளத்தில் விழுந்து எழும்போது அது வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கீழே வருகிறது. கேட்கப் பெரிதாகத் தெரிந்தாலும் வெறும் 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால் வரும் வேகம்தான் இது. இதன் ஆற்றல் 250 ஜூல். இதை 10 மில்லிமீட்டருக்குள் நிறுத்தினால் சராசரியாக 25,000 நியூட்டன் விசை, அதாவது இரண்டரை டன் எடையை அந்த இடத்தில் வைத்தது போல. 50 மில்லிமீட்டரில் நிறுத்தினால் 5,000 நியூட்டன், சுமார் அரை டன். பட்டையும் ஷாக் அப்சார்பரும் எடுத்துக்கொள்ளும் பங்கை இதில் சேர்க்கவில்லை. அதனால் உண்மையில் வரும் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் ஐந்து மடங்கு என்ற வித்தியாசத்தைப் பாருங்கள். அந்த இரண்டரை டன் அடி சேஸின் ஒரே இடத்தில், ஒவ்வொரு பள்ளத்திலும் விழுகிறது.

"கல்லு மாதிரி இருக்கணும்" என்பது எவ்வளவு தவறு என்று இப்போது தெரிந்திருக்கும். கெட்டியான கட்டை அடியைத் தடுப்பதில்லை, அப்படியே சேஸுக்கு அனுப்பிவிடுகிறது. மெத்தென்று இருந்தால் போதும் என்று நினைப்பதும் சரிவராது. ரொம்ப மெத்தென்று இருந்தால் ஒன்றும் தடுக்காமல் நசுங்கி முடிந்து, கடைசியில் இரும்பு மேல் இரும்பு உட்காரும் கதைதான். தொடக்கத்தில் மென்மையாகவும், அழுந்த அழுந்த இறுகிக்கொண்டும் போக வேண்டும். இந்தக் குணத்தைத்தான் விளம்பரங்களில் 'புரோக்ரசிவ்' என்று போட்டிருப்பார்கள். கூம்பு வடிவம், நடுவில் இடுப்பு போலக் குறுகிய வடிவம் எல்லாம் இதற்காகத்தான். நுனி சின்னதாக இருப்பதால் முதலில் லேசாகத் தொடும். பிறகு அகலமான பகுதி வேலைக்கு வரும்.

வளைவிலும் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது. திம்பத்தின் 27 கொண்டை ஊசியிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவிலோ பாரத்தோடு திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாயும். சாய்ந்து போய்ப் பம்ப் ஸ்டாப்பைத் தொடும் அந்த நொடியில் பின்பக்கம் சட்டென்று விறைத்தால் அந்தப் பக்க டயரின் பிடிப்பும் சட்டென்று மாறும். ஈரச் சாலையில் அப்படி ஒரு மாற்றம் யாருக்கும் வேண்டாம். மெதுவாக இறுகும் கட்டை என்றால் ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரியும்.

மூன்று வகைப் பொருள்

கம்பெனி பெரும்பாலும் போட்டு அனுப்புவது கெட்டி ரப்பர். விலை குறைவு, ரொம்ப நாள் உழைக்கும். ஆனால் ரப்பருக்கு ஒரு குணம் உண்டு: அழுத்தினால் அதன் கன அளவு கிட்டத்தட்டக் குறையவே குறையாது. மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும், அவ்வளவுதான். பிதுங்க முடிந்த வரைக்கும் இறங்கும், அதற்குமேல் கல். தோராயமாகத் தன் உயரத்தில் பாதி அழுந்தும் என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றிலும் இரும்புக் கிண்ணம் இருந்து பிதுங்க இடமில்லை என்றால் அதுவும் இல்லை. வயதானால் இறுகி வெடிப்பு விடும். டீசலும் கிரீஸும் பட்டால் ஊறி உப்பும்.

அடுத்தது கெட்டி பாலியூரித்தேன், கடையில் 'பியூ' என்பார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று கிடைக்கும். எண்ணெய் பட்டாலும் கெடாது, தேயாது. பார்க்கவும் அழகு. அடி வாங்கும் விஷயத்தில் கெட்டி ரப்பருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிலது இன்னும் விறைப்பு. உழைக்கும் என்பதற்காக வாங்கலாம், சத்தம் குறையும் என்று வாங்க வேண்டாம்.

மூன்றாவது நுரைப் பாலியூரித்தேன். மைக்ரோசெல்லுலர் என்ற சொல் அட்டையில் இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ்கள் நிறைந்தது என்று பொருள். அழுத்தும்போது முதலில் குமிழ்கள் நசுங்குவதால் பக்கவாட்டில் அதிகம் பிதுங்காமலே இறங்கும். தன் உயரத்தில் சுமார் 70 சதவீதம் வரைகூட அழுந்தும். கார்களில் ஷாக் அப்சார்பர் தண்டில் கோத்திருக்கும் மஞ்சள் அல்லது வெள்ளை நிற நுரை உருளையைப் பார்த்திருந்தால், அந்த ஜாதிதான் இது.

கடையில் நடக்கும் பெரிய குழப்பம் இங்கேதான். இரண்டாவதும் பியூ, மூன்றாவதும் பியூ. பெயரை நம்பாமல் கையில் எடுத்துப் பாருங்கள். நுரை வகை அளவுக்கு எடை இல்லாமல் லேசாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கும். கெட்டி வகை கனமாக இருக்கும், நகம் வழுக்கும்.

நான்காவதாக உள்ளே குழிவான ரப்பர் உருளைகளும் உண்டு. கனடாவின் டிம்பிரன் நிறுவனம் இவற்றுக்குப் பெயர் பெற்றது. உள்ளே வெற்றிடம் இருப்பதால் கெட்டி ரப்பரைவிட நன்றாக அழுந்தும், பாரத்திலேயே தொட்டுக்கொண்டு ஓடவும் செய்வார்கள். ஹைட்ராலிக் பம்ப் ஸ்டாப் என்று பந்தய வண்டிகளுக்கு வருவது நமக்குத் தேவையில்லை. சிலர் பழைய லாரி டயரை வெட்டி அடுக்கி போல்ட் போட்டு முறுக்கிவிடுவார்கள். உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் அதைப் பிதுங்கவே விடாது. அதுவும் மரக்கட்டை மாதிரிதான்.

தூக்காத வண்டி என்றால் என்ன வித்தியாசம்

ஆன்லைனில் கிடைக்கும் பம்ப் ஸ்டாப் பலவும் வண்டியைத் தூக்கியவர்களுக்காகச் செய்தது. 2 அங்குலம், 3 அங்குலம் லிஃப்ட் கிட் போட்டால் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே அந்த அளவு இடைவெளி கூடிவிடும். பழைய ரப்பர் எட்டாத உயரத்தில் தொங்கும். அது தொடுவதற்குள் ஷாக் அப்சார்பரோ டயரோ முட்டிவிடக்கூடும். அதனால் அவர்களுக்கு உயரமான கட்டை தேவை.

தூக்காத வண்டியில் கூடுதல் இடைவெளி எதுவும் இல்லை. கம்பெனி விட்டுவைத்த அந்தச் சில அங்குலம்தான் மொத்தச் சொத்து. அதில் உயரமான கட்டையைப் போட்டால் வெறும் வண்டியிலேயே மேல்பயணம் தீர்ந்துவிடும். பாரம் இல்லாமல் திரும்பும்போது சின்னக் கல் ஏறினாலும் தூக்கிப் போடும். "உயரமாப் போடுங்க" என்ற யோசனை தூக்கிய வண்டிக்குச் சொன்னது, நம் வண்டிக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

இடையில் ஒரு வகை உண்டு. தூக்கவில்லை என்பார்கள், ஆனால் பாரம் தாங்கவில்லை என்று ஒன்றிரண்டு பட்டை சேர்த்திருப்பார்கள். பட்டை சேர்த்தால் வெறும் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் எழும். அதுவும் ஒரு சின்ன லிஃப்ட்தான். உங்கள் வண்டி இப்படி என்றால் கம்பெனி அளவுகளை மறந்துவிட்டு இப்போது இருப்பதை அளங்கள்.

அளப்பது எப்படி

சமதளம் வேண்டும். டயரில் சரியான காற்று வேண்டும். ஒரு டேப், ஒரு சாக்பீஸ், கொஞ்சம் ஈரக் களிமண் போதும். ஜாக்கி வைத்துத் தூக்கி அளக்காதீர்கள். ஆக்சில் தொங்கிவிடும், எண் பொய்யாகும்.

முதலில் வெறும் வண்டியில் பம்ப் ஸ்டாப்பின் நுனிக்கும் அடிதளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு பக்கப் பட்டை தொய்ந்திருக்கிறது, அல்லது உள்பட்டை ஒன்று ஒடிந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ரப்பர் வாங்குவது வீண் செலவு.

அடுத்தது, நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு அதே அளவு. தீபாவளிக்கு ஒரு தடவை ஏற்றியதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண நாளில் ஏற்றுவதைப் பாருங்கள். பாரம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பாடியை நீளமாகக் கட்டி, கனமெல்லாம் ஆக்சிலுக்குப் பின்னால் போனால் பின் ஆக்சில் மேல் விழுவது ஏற்றியதைவிட அதிகம். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே 3 மீட்டர் இருக்கும் வண்டியில், 1,000 கிலோவின் மையம் பின் ஆக்சிலுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் பின் ஆக்சில் தாங்குவது 1,100 கிலோ. முன்பக்கத்தில் 100 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாகத் தெரிகிறது என்று சந்தோஷப்படுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மூன்றாவது, ஷாக் அப்சார்பரில் மீதி இருக்கும் தூரம். வெறும் வண்டியில், அதன் மேல் கண்ணிலிருந்து (போல்ட் நுழையும் வளையம்) கீழ்க் கண் வரை அளங்கள். பிறகு கீழ் போல்ட்டைக் கழற்றி, கையால் முழுதாக அழுத்தி மூடிய நீளத்தை அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மீதித் தூரம். பம்ப் ஸ்டாப் நசுங்கி முடியும்போது ஷாக் அப்சார்பருக்குள் இன்னும் 10 முதல் 15 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும்.

கடைசியாகக் களிமண். அடிதளத்தின் மேல் ஓர் உருண்டை வைத்து, வழக்கமான பாரத்தோடு வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். உருண்டை தொடப்படாமல் இருந்தால் உங்கள் 'டொம்' பம்ப் ஸ்டாப்பில் வருவதில்லை. ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) புஷ், அதாவது இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம், ஷாக் அப்சார்பர் புஷ், ஆடும் பாடி போல்ட் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். கொஞ்சம் அமுங்கியிருந்தால் அதன் தடிமனே நீங்கள் போன குறைந்தபட்ச இடைவெளி. அப்பளமாகியிருந்தால் பம்ப் ஸ்டாப் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். காசு செலவில்லாத இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

சுருக்கமாக: வெறும் வண்டி இடைவெளி, பார இடைவெளி, ஷாக் அப்சார்பரின் மீதித் தூரம். இந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால் கடைக்காரரிடம் பேசலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

விளக்கத்துக்காக எடுத்த எண்கள் இவை; உங்கள் வண்டிக்கு உங்கள் எண்களைப் போடுங்கள். வெறும் வண்டியில் இடைவெளி 90 மி.மீ. பாரத்தில் 35 மி.மீ. ஷாக் அப்சார்பரில் மீதி 140 மி.மீ. கம்பெனி போட்ட கெட்டி ரப்பரின் உயரம் 60 மி.மீ.

கம்பெனி ரப்பர் பாதி, அதாவது 30 மி.மீ. அழுந்தும். 90 கூட்டல் 30, மொத்த மேல்பயணம் 120. ஷாக் அப்சார்பருக்கு 20 மி.மீ. மிச்சம். பாதுகாப்பானதுதான். ஆனால் அடியை நிறுத்தக் கிடைப்பது 30 மி.மீ. மட்டுமே.

அதற்குப் பதில் 80 மி.மீ. உயர நுரை வகையைப் போடுகிறோம். 20 மி.மீ. உயரம் கூடியதால் இடைவெளி 70 ஆகிறது. அழுந்துவது 70 சதவீதம், 56 மி.மீ. மொத்தம் 126. ஷாக் அப்சார்பருக்கு 14 மி.மீ. மிச்சம், இன்னும் எல்லைக்குள். பார்த்தீர்களா, மேல்பயணம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் நிறுத்தும் தூரம் 30-லிருந்து 56 ஆகிவிட்டது. பாரத்தில் நின்றாலும் 15 மி.மீ. இடைவெளி இருக்கிறது, சும்மா போகும்போது தொடாது. தூக்காத வண்டிக்கு நான் சொல்லும் இடம் இதுதான்: கம்பெனியைவிடக் கொஞ்சமே உயரம், ஆனால் பொருள் வேறு.

ஆசைப்பட்டு 110 மி.மீ. வாங்கினால்? வெறும் வண்டியில் இடைவெளி 40. பாரம் ஏற்றினால் இறங்க வேண்டியது 55. ஆக, நின்ற இடத்திலேயே வண்டி கட்டையின் மேல் உட்கார்ந்துவிடும். 110 மி.மீ. கெட்டி ரப்பர் என்றால் இன்னும் மோசம்.

அதே 60 மி.மீ. உயரத்தில் நுரை வகை போட்டால் என்ன என்று கேட்கலாம். 90 கூட்டல் 42, மொத்தம் 132. ஷாக் அப்சார்பருக்கு மிச்சம் 8 மி.மீ. மட்டும். மேல்பயணம் கூடக் கிடைத்தது போலத் தெரிந்தாலும் கடைசி அடியில் ஷாக் அப்சார்பர் முட்ட வாய்ப்பு அதிகம். 'மென்மையானதுதானே, அதே அளவில் போடலாம்' என்று செய்கிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கட்டையின் மேலேயே ஓடினால்

'உட்கார்ந்தால் என்ன, தாங்குது இல்ல' என்பார்கள். தாங்கும். ஆனால் பாரம் போகும் வழி மாறிவிடும். பட்டை வழியாகப் போனால் எடை சேஸின் இரண்டு இடங்களில், பட்டையின் முன் முனையிலும் பின் முனையிலும் பிரிந்து இறங்கும். சேஸும் அந்த இடங்களில்தான் அதற்கேற்பப் பலப்படுத்தப்பட்டிருக்கும். கட்டையில் உட்கார்ந்தால் ஆக்சிலுக்கு மேலே ஒரே இடத்தில் குத்தும். பின்னால் நீட்டிய பாடியும் சேர்ந்தால் அந்த இடத்தில் சேஸ் விரிசல் விடுவதற்கு வேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டது. தொடர்ந்து தொட்டு ஓடுவதற்கென்றே செய்த குழிவு ரப்பர்கள்கூட அந்தந்த வண்டிக்குக் குறிப்பிட்ட எடைக்குள்தான்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று பிரேக். சில பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி, ஒரு வால்வோடு இணைந்திருக்கும். பாரம் ஏறி இடைவெளி குறைந்தால் கம்பி நகர்ந்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகவிடும். வெறும் வண்டியில் பின் சக்கரம் பூட்டி வழுக்காமலும், பாரத்தில் பின் பிரேக் நன்றாகப் பிடிக்கவும் இந்த ஏற்பாடு. உயரக் கட்டை வைத்து வண்டியை இறங்கவிடாமல் பிடித்தால், வால்வுக்குப் பாரமே இல்லாதது போலத் தெரியும். பாரத்தோடு திம்பம் இறங்கும்போது பின் பிரேக் முழுப் பங்கு எடுக்காது. முன் பிரேக் சூடாகிப் புகையும். உங்கள் வண்டியில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று குனியும்போதே பார்த்துவிடுங்கள்.

300 கிலோ கூடுதல் கதைக்கு வருவோம். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை என்று ஓர் எண் இருக்கும்: வண்டி, ஆள், சரக்கு எல்லாம் சேர்த்து அதற்குமேல் போகக் கூடாது. அந்த எண் ஆக்சில், பேரிங், டயர், பிரேக், சேஸ் எல்லாவற்றையும் பார்த்துப் போட்டது. ரப்பரை மாற்றினால் இவற்றில் எதுவும் மாறுவதில்லை. பின்பக்கம் தாழாமல் இருப்பதால் அதிகம் ஏற்றியது கண்ணுக்குத் தெரியாமல் போகும், அது ஆபத்தைக் கூட்டத்தான் செய்யும். எடை மேடை ஏமாறாது; 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்குமேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

இதற்கு நேரெதிராக, கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு 'இப்ப நல்லா இறங்குதுங்க' என்று ஓட்டுபவர்களும் உண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விழுந்துபோய் வெறும் போல்ட் மட்டும் நிற்பது சாதாரணம்.

மாற்றுவதற்கு முன் வேறு என்ன பார்க்க வேண்டும்

முன்பெல்லாம் அடிக்காத வண்டி இப்போது அடிக்கிறது என்றால் பம்ப் ஸ்டாப்பைத் திட்டிப் பயனில்லை. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா பாருங்கள். அது செத்துப்போனால் வண்டி ஒரு பள்ளத்துக்கு இரண்டு மூன்று முறை குதிக்கும், ஒவ்வொரு குதிப்புக்கும் ரப்பர் அடி வாங்கும். புது ரப்பரும் சீக்கிரம் போகும். பட்டை தொய்ந்திருந்தால் இடைவெளி ஏற்கெனவே பாதி போயிருக்கும். பட்டைக் கட்டைப் பிரித்து வளைவு ஏற்றிக் கட்டினாலோ, புதுப் பட்டை போட்டாலோ பழைய ரப்பரே போதுமானதாக இருக்கலாம்.

வெறும் வண்டியிலேயே அடிக்கிறது என்றால் பெரும்பாலும் பட்டை அல்லது ஷாக் அப்சார்பர். பாரத்தில் மட்டும், அதுவும் பெரிய பள்ளத்தில் எப்போதாவது ஒருமுறை அடிக்கிறது என்றால் ஒன்றும் மாற்ற வேண்டாம். அதற்குத்தான் அந்த ரப்பரே இருக்கிறது. பாரத்தில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடித்தால்தான் மேலே சொன்ன கணக்கெல்லாம்.

மாட்டும்போது

எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு என்றால் சாயும்போது இரண்டு விதமாக நடக்கும்.

கம்பெனி கொடுத்த ஓட்டையில், அதே அளவு போல்ட்டில் உட்காரும்படி வாங்குங்கள். அளவு சேரவில்லை என்றால் லேத் பட்டறையில் ஒரு அடாப்டர் தட்டு செய்துகொள்ளலாம், கோயம்புத்தூர்ப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. தட்டின் தடிமனையும் ரப்பரின் உயரத்தோடு கூட்டிக் கணக்கிடுங்கள். சேஸில் புதிதாக ஓட்டை போடுவதோ வெல்டிங் வைப்பதோ வேண்டாம். வெல்டிங் சூட்டில் அந்த இடத்து இரும்பு பலவீனமாகும், அடி விழும் இடமும் அதுவேதான்.

கட்டையின் நுனி அடிதளத்தின் நடுவில் இறங்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பட்டையின் பின் முனை ஷேக்கிளில் தொங்கும் வண்டிகளில், பட்டை நிமிர நிமிர ஆக்சில் கொஞ்சம் பின்னால் நகரும். வெறும் வண்டியில் நடுவில் இருப்பது, பாரத்தில் விளிம்புக்குப் போகலாம். உயரமான, ஒல்லியான கட்டை என்றால் விளிம்பில் பட்டு ஒரு பக்கமாக மடங்கும். அதனால் பாரத்தோடு ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள். பக்கத்தில் பிரேக் குழாயோ ஹேண்ட் பிரேக் கேபிளோ ஓடினால், ரப்பர் பிதுங்கும்போது அதன் மேல் படாமல் இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

மாட்டி முடித்ததும் மறுபடியும் களிமண் உருண்டை வைத்து அதே சாலையில் அதே பாரத்தோடு ஓட்டுங்கள். இந்தத் தடவை உருண்டை அமுங்கியிருக்கும், அது சரிதான். சின்ன மேட்டில்கூடக் கட்டை தொடவே கூடாது என்பதில்லை. ஆனால் ஷாக் அப்சார்பரின் புஷ்ஷிலோ கண்ணிலோ புதிய அடித் தடம் தெரிந்தால் உயரம் போதவில்லை. ஓரிரு வாரம் கழித்து நட்டை ஒருமுறை இறுக்குங்கள், கூடவே யூ போல்ட்டையும். நுரை வகையில் மேல் தோல் கிழிந்து உள்ளே சேறும் தண்ணீரும் போக ஆரம்பித்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஒவ்வொரு முறை கிரீஸ் அடிக்க வண்டியைப் பட்டறைக்கு விடும்போதும் அங்கே ஒரு கண் போடச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ரப்பர் நன்றாக இருந்தால் டூல் பாக்ஸில் கிடக்கட்டும்.